தத்துவ போதகருக்கு வந்த தடை உத்தரவு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஞானஒளிவுபுரம். அங்கே இருக்கிற பிரிட்டோ பள்ளிக்கூடத்தைத் தெரியாதவர்கள் எங்கள் ஏரியாவில் கிடையாது. அதே பஸ் ஸ்டாண்டில் தேனி வண்டி ஏறினால், செக்கானூரணி தாண்டி கருமாத்தூரில் அருள் ஆனந்தர் கல்லூரி. பிரிட்டோவும் அருள் ஆனந்தரும் ஒரே ஆள் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பள்ளிக்கூடப் பெயர் வேறு, கல்லூரிப் பெயர் வேறு என்று இருபது வயசு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கதை பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜான் டி பிரிட்டோ 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். இயேசு சபைத் துறவியாக 1673இல் இந்தியா வந்து, மதுரை மிஷனில் பண்டார சுவாமியாக ஊர் ஊராக நடந்தார். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டு அடி உதை பட்டு, சேதுபதி விடுவித்ததால் பிழைத்தார். இனி இந்தச் சீமையில் பிரசங்கம் கூடாது என்பது நிபந்தனை. போர்ச்சுக்கல் போனபோது மன்னர் அங்கேயே இருக்கச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை, திரும்பி வந்துவிட்டார். தடியத் தேவர் என்ற மறவர் குலப் பிரமுகர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க, விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதி வீட்டுப் பெண். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது. ஓரியூரின் சிவப்பு மண்ணை இன்றைக்கும் ஜனங்கள் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள். 1947இல் புனிதர் பட்டம்.

இதைப் பற்றி ஒருநாள் டீக்கடையில் நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கிறிஸ்தவர், நான் இல்லை. அவருடைய சபையில் அந்தச் சமயம் ஏதோ பிரச்சினை. நியாயமாகப் பேசினதற்கு மேலே இருக்கிறவர்கள் ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று வருத்தத்தில் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது: "பிரிட்டோவை வெட்டினது வெளியாள். அதுக்குச் சிலை வைக்கலாம், திருவிழா எடுக்கலாம். சொந்தச் சபைக்காரன் கையால பாடுபட்டவன் யாராவது இருக்கானா? அவன் என்ன பண்ணினான்? அதச் சொல்லுங்க."

பதில் நம்ம மதுரையிலேயே இருக்கிறது. பிரிட்டோவுக்கு எண்பது வருஷம் முந்திய கதை. இதில் ரத்தம் இல்லை, அதனாலோ என்னவோ ஊரில் அதிகம் பேசப்படுவதும் இல்லை.

ராபர்ட் டி நொபிலி இத்தாலிக்காரர், பிரபு குடும்பத்துப் பிள்ளை, 1577இல் பிறந்தவர். 1605இல் கோவா வந்தார், 1606 கடைசியில் மதுரை. அப்போது மதுரையில் ஏற்கெனவே ஒரு பாதிரியார் இருந்தார், கொன்சாலோ பெர்னாந்தஸ். சிப்பாயாக இருந்து பிறகு துறவியான போர்ச்சுக்கீசியர். 1590களின் நடுவிலிருந்து இங்கே இருந்து, முத்துக்குளித்துறையிலிருந்து வந்து போகும் பரதவர்களைக் கவனித்துக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடம், ஒரு வைத்தியசாலை நடத்தினார். நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தும் மதுரைக்காரர் ஒருவர்கூட அவரிடம் மதம் மாறவில்லை.

காரணம் 'பரங்கி' என்கிற ஒரே வார்த்தை. மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன், எவரோடும் சேர்ந்து சாப்பிடுகிறவன் என்பதெல்லாம் சேர்ந்த வசவு அது. இதில் வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்தவ மதத்தில் சேருவதையே 'பரங்கி குலத்தில் சேருவது' என்று தமிழில் சொல்லும் வழக்கம் பாதிரியார்கள் மத்தியிலேயே இருந்தது. ஞானஸ்நானம் கேட்டு வருகிறவனிடம் உன் ஜாதியை விட்டுவிட்டு என் ஜாதிக்கு வா என்று கேட்கிற மாதிரி. யார் வருவார்கள்?

நொபிலி இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார். காவி கட்டினார், மாமிசம் விட்டார், பிராமணச் சமையல்காரர் வைத்துக்கொண்டார், தனியாக ஒரு வீட்டில் சந்நியாசியாக இருக்க ஆரம்பித்தார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். தத்துவ போதகர் என்று பெயர் வந்தது. நான் பரங்கி அல்ல, ரோமாபுரியில் உயர்ந்த குடும்பத்தில் பிறந்து துறவு பூண்டவன் என்று எழுதிப் பகிரங்கமாகவும் வைத்தார். அவரிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்றது யார் தெரியுமா? பெர்னாந்தஸ் நடத்திய அதே பள்ளிக்கூடத்து வாத்தியார். பல நாள் வாதம் பண்ணி, கடைசியில் ஒத்துக்கொண்டார். சிவதர்மரும் 1609இல் ஞானஸ்நானம் பெற்றார்.

கொஞ்சம் பெர்னாந்தஸ் பக்கமிருந்து யோசித்துப் பாருங்க. வயதில் இரண்டு மடங்கு மூத்தவர். போர்ச்சுக்கல் அரசருக்காக ஆயுதம் தூக்கியவர். பத்துப் பதினைந்து வருஷமாக வெயிலில் கிடந்தவர். நேற்று வந்த இருபத்தொன்பது வயசு இத்தாலியப் பையன், ஒரே சபையைச் சேர்ந்தவன், ஊரறிய 'நான் பரங்கி இல்லை' என்று எழுதி வைக்கிறான். அப்படியானால் இவர் யார்? பரங்கி. இவரிடம் பூசை கேட்கிற பரதவர்கள்? பரங்கிக் கூட்டம். நொபிலியின் ஆட்கள் பெர்னாந்தஸின் கோயிலுக்கு வருவதில்லை, இவர்களுக்கெனத் தனிக் கோயில். பல புத்தகங்கள் பெர்னாந்தஸைப் பொறாமை பிடித்த கிழவனாகச் சித்தரிக்கின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. அவருடைய குற்றச்சாட்டில் பாதி வருத்தம், பாதி உண்மையான கேள்வி.

1610 மே மாதம் அவர் மேலிடத்துக்கு எழுதினார். பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, இது கிறிஸ்தவமா அல்லது வேறு ஏதாவதா என்று கேட்டார். கடிதம் ரோம் வரைக்கும் போனது. அங்கே வதந்தி இன்னும் பெரிதாகி, நொபிலி மதமே மாறிவிட்டான் என்கிற அளவுக்குப் பேச்சு. நொபிலியின் உறவினரான கர்தினால் பெல்லார்மினே வருத்தத்தோடு கண்டித்து எழுதினார். (1616இல் கலிலியோவைக் கூப்பிட்டு, பூமி சுற்றுகிறது என்ற கருத்தை விடச் சொன்ன அதே பெல்லார்மின்தான். ஒரே மேஜையில் புளோரன்ஸ் கேஸும் மதுரை கேஸும் இருந்திருக்கின்றன.) நொபிலி விளக்கி எழுதிய பதிலைப் படித்த பிறகு அவர் சமாதானமானார், ஆதரவாளராகவும் ஆனார்.

ஆனால் பதில் போய்ச் சேர எவ்வளவு நாள்? மதுரையிலிருந்து கொச்சி, அங்கிருந்து கோவா, கப்பல் கிளம்பும் பருவம் வரை காத்திருந்து, ஆப்பிரிக்காவைச் சுற்றி லிஸ்பன், பிறகு ரோம். ஒரு கேள்விக்குப் பதில் வர ரெண்டு வருஷம் ஆனால் அது வேகம். கப்பல் மூழ்கினால் கடிதமும் மூழ்கும். குற்றச்சாட்டு ஒரு கப்பலில் போய், விளக்கம் அடுத்த கப்பலில் போனால், நடுவில் ஒரு வருஷம் நீங்கள் குற்றவாளிதான்.

இதற்குள் மாநிலத் தலைவர் மாறிவிட்டார். நொபிலிக்கு முதலில் அனுமதி கொடுத்துத் துணை நின்ற லயர்சியோ போய், பேரோ பிரான்சிஸ்கோ வந்தார். 1612 கடைசியில் சபையின் பேரதிபர் அக்வாவிவா ரோமிலிருந்து எழுதிய கடிதம், சில பழக்கங்களைக் குறைத்துக்கொள்ளச் சொன்னது. அதை வைத்து 1613இல் புதுத் தலைவர், மாற்றங்களைச் செய்யும்வரை புதிதாக ஞானஸ்நானம் கொடுக்காதே என்று உத்தரவு போட்டார்.

இந்த உத்தரவின் கனம் நமக்குச் சட்டென்று விளங்காது. ஒரு வைத்தியரைப் பார்த்து ஆஸ்பத்திரியில் இரு, நாடி பிடி, மருந்து மட்டும் கொடுக்காதே என்பது போல. ஊரை விட்டு, உணவை விட்டு, மொழியை விட்டு அவர் வந்தது அந்த ஒரு காரியத்துக்கு. அதைத்தான் நிறுத்தச் சொன்னார்கள். சொன்னது மதுரை நாயக்கர் இல்லை, கோயில் பட்டரும் இல்லை. யாருக்குக் கீழ்ப்படிவதாக வார்த்தைப்பாடு கொடுத்தாரோ அவர்கள்.

நண்பருக்காகப் புதிய ஏற்பாட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. பேதுருவின் முதல் நிருபம், 4ஆம் அதிகாரக் கடைசியில், ஒருவன் கிறிஸ்தவனாக இருப்பதால் பாடுபட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை என்கிற பொருளில் பேசுகிறது. திருடனாகவோ கொலைகாரனாகவோ பட்டால் அது வேறு கணக்கு. அதை முடித்த கையோடு 5ஆம் அதிகாரம் மூப்பர்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறது. இளையவர்கள் மூப்பருக்குக் கீழ்ப்படியட்டும் என்பது எல்லாரும் மேற்கோள் காட்டுகிற பகுதி. அதற்கு முன்னாலேயே, மூப்பர்கள் மந்தையை அதட்டி ஆளக்கூடாது, பண ஆசைக்காக மேய்க்கக்கூடாது, தாங்களே முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று மூப்பர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது. பாடுபடுவதும் மூப்பருக்குக் கீழ்ப்படிவதும் அடுத்தடுத்து வருவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதியவருக்கு இந்த ரெண்டும் ஒரே வீட்டில் நடக்கிற விஷயம் என்று தெரிந்திருக்கிறது.

சரி, நொபிலி என்ன செய்தார்?

அவருக்கு மூன்று வழி இருந்தது. சபையை விட்டுப் போகலாம், அவருக்கு இருந்த குடும்பச் செல்வாக்குக்கு அது கஷ்டமில்லை. உத்தரவைக் காதில் வாங்காமல் மதுரையில் தன் போக்கில் இருக்கலாம், கோவாவிலிருந்து எட்டிப் பார்க்க யாரும் வரப்போவதில்லை. அல்லது வாயை மூடிக்கொண்டு பணிந்து, காவியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய கறுப்பு அங்கிக்குத் திரும்பலாம். மூன்றையும் அவர் எடுக்கவில்லை. சபையிலேயே இருந்தார், எழுதினார்.

1613இல் இந்தியப் பழக்கவழக்கங்கள் பற்றி லத்தீனில் ஒரு நீண்ட விளக்கம். 1618–19 வாக்கில் மதுரை மிஷனின் அடிப்படைகள் பற்றி இன்னொன்று. பூணூலும் குடுமியும் குலத்தையும் தகுதியையும் காட்டும் அடையாளங்களா, வழிபாட்டுச் சின்னங்களா என்பதுதான் வழக்கு. அதற்கு அவர் தர்ம சாஸ்திரங்களிலிருந்து ஆதாரம் காட்டினார், மதுரைப் பிராமண அறிஞர்களின் வாக்குமூலங்களை வாங்கிச் சேர்த்தார். ஆதிச் சபையில் ரோமானியப் பழக்கங்கள் எப்படிக் கிறிஸ்தவத்துக்குள் வந்தன என்று காட்டினார். கோபப்பட்டு எழுதின வரிகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் தலைவர் பதவியை அவர் கேள்வி கேட்கவில்லை, உத்தரவின் காரணத்தைத்தான் கேள்வி கேட்டார். எனக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது.

சொந்தக் கதை ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், நான் ரெண்டு வருஷம் கட்டின ஒரு சிஸ்டத்தை மேலே இருந்தவர்கள் தூக்கிப் போடச் சொன்னார்கள். நான் 'சரி சார்' என்றேன். பிறகு ஆறு மாதம் கேண்டீனில் உட்கார்ந்து அவர்களைத் திட்டினேன், புது வேலையை அரைமனசாகச் செய்தேன். ஏன் தப்பு என்று ஒரு பக்கம்கூட எழுதிக் கொடுக்கவில்லை. வெளியே பார்த்தால் நான் கீழ்ப்படிந்தவன். நொபிலியின் அந்த லத்தீன் கட்டுரைகளின் மொழிபெயர்ப்பைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

வழக்கு 1619 பிப்ரவரியில் கோவாவில் விசாரணைக்கு வந்தது. பேராயர் கிறிஸ்தோவாவோ டி சா தலைமை, அவர் எதிர்ப்பாளர். கூடியிருந்தவர்களில் பெரும்பான்மையும் எதிர்ப்பு. கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் நொபிலிக்காக வாதாடினார். மலபாரில் பல வருஷம் இருந்து சிரியாக் மொழியும் மலையாளமும் தெரிந்த மனிதர் அவர். எதிர்பார்க்காத இடத்திலிருந்து இன்னொரு ஆதரவு வந்தது. கோவாவின் விசாரணை மன்றத்தைச் சேர்ந்த அல்மெய்தா, அதாவது மத விரோதிகளைத் தண்டிக்கிற அலுவலகத்தின் ஆளே, நொபிலி பக்கம் நின்றார். ஆனாலும் எண்ணிக்கையில் தோல்விதான். கடைசி முடிவு ரோமிடம் விடப்பட்டது. மறுபடியும் கப்பல், மறுபடியும் காத்திருப்பு.

1623 ஜனவரி 31இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசரின் தீர்ப்பு வந்தது. பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் எல்லாம் நிபந்தனைகளோடு அனுமதிக்கப்பட்டன. கோயிலில் வாங்கிய பூணூலாக இருக்கக்கூடாது, மந்திரச் சடங்கு கூடாது, இதெல்லாம் நிபந்தனை. 1610இல் பெர்னாந்தஸின் கடிதம், 1623இல் தீர்ப்பு. நொபிலிக்கு வயது நாற்பத்தைந்து ஆகிவிட்டது. முப்பத்திரண்டிலிருந்து நாற்பத்தைந்து வரை ஒரு மனிதனின் நல்ல வருஷங்கள் பூராவும் கடிதப் போக்குவரத்தில் போயிருக்கின்றன.

தீர்ப்பின் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உயர்குலத்தார் எளியவர்களை, அதுவும் கோயிலுக்குள், இழிவாக நடத்த வேண்டாம், தனித்தனியே வேதம் கேட்பதும் தனித்தனியே திருவருட்சாதனம் பெறுவதும் வேண்டாம் என்று பாப்பரசர் கேட்டுக்கொள்கிறார். கவனியுங்க, பூணூலுக்கு அனுமதி, இதற்கோ வேண்டுகோள்தான். பெர்னாந்தஸ் கேட்டதில் நியாயமான பாதி இதுதான் என்பது என் எண்ணம். அனுமதி உடனே அமலுக்கு வந்தது, வேண்டுகோள் காகிதத்தில் நின்றது. 1640இல் ஒடுக்கப்பட்டவர்களிடம் போக பண்டார சுவாமிகள் என்று தனி வகைச் சாமியார்களையே உருவாக்கினார்கள், பல்தசார் ட கோஸ்தா முதல் ஆள். பிரிட்டோ வந்ததும் அந்த வரிசையில்தான். ஒரே மதம், ஒரே சபை, ஆனால் பிராமண சந்நியாசியும் பண்டாரமும் ஊர் பார்க்கச் சேர்ந்து உட்கார முடியாது. நொபிலியின் பாட்டை எழுதும்போது, அவருடைய முறையால் கோயில் வாசலில் நின்றவர்களின் பாட்டையும் எழுதாமல் விட முடியாது. அவர்கள் யாரும் லத்தீனில் விளக்கம் எழுதி ரோமுக்கு அனுப்பவில்லை.

1613க்குப் பிறகு ஞானஸ்நானத்துக்குத் தயாராகி, இன்றைக்கு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட மதுரைக்காரர்களும் அப்படித்தான். வீட்டில் சண்டை போட்டு, சொந்தம் முறிந்து, ஊர்ப்பேச்சு வாங்கி அந்த வாசலுக்கு வந்திருப்பார்கள். கோவாவில் யாரோ ரெண்டு பேருக்கு நடுவிலான வாதத்துக்காக இவர்கள் காத்திருந்தார்கள். மேலிடத்துக்குக் கீழ்ப்படிவது என்று பேசும்போது, தலைவருக்கும் தொண்டருக்கும் நடுவிலான விஷயமாகவே பேசுகிறோம். விலையில் ஒரு பங்கை மூன்றாவது ஆள் கட்டுகிறான்.

தீர்ப்பு வந்த வருஷமே நொபிலி மதுரையிலிருந்து வடக்கே நடக்க ஆரம்பித்தார், திருச்சி, சேந்தமங்கலம், சேலம் என்று. பிறகு 1640இல், அறுபது தாண்டிய வயதில், மதுரையில் சிறை. நாயக்கர் அதிகாரிகளின் சிறை, மாதக்கணக்கில், கூட மார்த்தின்ஸ் என்ற இன்னொரு பாதிரியார். இதுதான் நாம் வழக்கமாகப் 'பாடுபடுதல்' என்று சொல்கிற வகை. வெளியே வந்து மறுபடி வேலையைத் தொடர்ந்தார். அவரைப் பொறுத்தவரை எது கடினமாக இருந்திருக்கும், 1640இன் சிறையா, 1613இன் கடிதமா? நான் கடிதம் என்று சொல்வேன். சிறையில் தள்ளினவனை மன்னிக்கிறதுக்கு ஒரு பழக்கப்பட்ட வழி மதத்தில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் பூசை வைக்கிற பெர்னாந்தஸை மன்னித்து, அவரோடு ஒரே ஊரில், ஒரே சபையில் காலம் தள்ளுவது வேறு மாதிரி.

கடைசியில் கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. 1640களின் நடுவில் மேலிடம் அவரை மதுரையிலிருந்து மாற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. நாற்பது வருஷம் இருந்த ஊர். போனார். அங்கிருந்து மயிலாப்பூர். பார்வை இல்லாமல், சொல்லச் சொல்ல மற்றவர்களை எழுத வைத்து, 1656 ஜனவரி 16இல் அங்கே இறந்தார். அவருடைய தமிழ் நூல்களில் ஒன்றுக்குப் பெயர் தூஷண திக்காரம், அவதூறுகளுக்கு மறுப்பு. அது கிறிஸ்தவத்தின்மேல் வெளியார் சொன்ன அவதூறுகளுக்கு எழுதியது. சொந்தக்காரர்கள் சொன்னதற்கான மறுப்பை லத்தீனிலேயே வைத்துக்கொண்டார், தமிழில் ஊருக்குள் இழுத்துவிடவில்லை.

இதைத்தான் நண்பரிடம் முதலில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவருக்கு ரோம்ல ஒரு கர்தினால் சொந்தக்காரர் இருந்தாரு சார், எனக்கு யாரு இருக்கா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், அந்தக் கர்தினால்கூட முதலில் எதிர்ப்பக்கம்தான் நின்றார், எழுதிக் கொடுத்ததைப் படித்த பிறகுதான் திரும்பினார் என்பதை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் சொன்னேன். அவர், சபைக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், தமிழ் சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றார். பார்த்துக் கொடுத்தேன். மூன்று இடத்தில் 'அயோக்கியத்தனம்' என்று இருந்தது, ரெண்டை எடுக்கச் சொன்னேன்.

பெர்னாந்தஸ் பற்றி ஒரு விஷயம் பாக்கி. நொபிலிமேல் புகார் எழுதிய அதே மனிதர், 1616இல் இந்து சமயச் சடங்குகளையும் பிராமணர் வாழ்க்கை முறையையும் பற்றி மதுரையில் உட்கார்ந்து ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார், போர்ச்சுக்கீசிய மொழியில். எதிர்ப்பதற்காகத் தொடங்கினாரோ என்னவோ, பூணூல் கல்யாணம், திருமணம், ஈமச்சடங்கு என்று ஒவ்வொன்றையும் விரிவாக எழுதி வைத்துவிட்டார். முந்நூற்று ஐம்பது வருஷம் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. 1973இல்தான் லிஸ்பனில் அச்சாகி வெளிவந்தது. நொபிலியின் தமிழ் நூல்களை ச. இராசமாணிக்கம் அடிகள் தேடிப் பதிப்பித்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். சண்டை போட்ட ரெண்டு பேரும் பத்துப் பன்னிரண்டு வருஷ இடைவெளியில் புத்தகமாகி, இப்போது ஒரே அலமாரியில் இருக்கிறார்கள். பெர்னாந்தஸின் புத்தகத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு என் கண்ணில் படவில்லை. போர்ச்சுக்கீசியம் தெரிந்தவர்கள் யாராவது கை கொடுத்தால், சடங்குகள் பற்றிய பகுதியையாவது இங்கே போடலாம் என்று ஆசை.